எது வாய் தவறியது?

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று போனில் உங்கள் வேட்பாளரைப் பொய்யர் என்று கத்திவிட்டேன். அத்தானுக்கும் கேட்டிருக்கும்.

"மனுஷன் நாள் பூரா பேசுறாரு, ஒரு தடவ வாய் குழறாதா? நீ மட்டும் என்னடா அரிச்சந்திரனா?" என்று கேட்டாய். நான் போனை வைத்துவிட்டேன்.

அவர் பேசிய இரண்டு கூட்டத்துக்கும் மைக்செட் போட்டது நான்தான். கரையோரம் இருக்கும் உங்கள் தெருவில், "கால்வாய்க் கரையில ஒரு செங்கல்லக்கூட தொட விடமாட்டேன்" என்றார். நீ கைதட்டியதை மேடையோரம் நின்று பார்த்தேன். அன்று சாயங்காலமே வியாபாரிகள் கூட்டத்தில், "கரையில இருக்கிற வீடுங்கள எடுத்துட்டு ரோடு போடுவேன்" என்றார். அங்கேயும் கைதட்டினார்கள்.

வாய் குழறுகிறவர்களுக்குக் குரல் இறங்கும். நான் சத்தத்தைக் கூட்டி வைப்பேன். இரண்டு இடத்திலும் எனக்கு அந்த வேலையே வரவில்லை.

ஏதோ ஒன்று வாய் தவறி வந்தது என்கிறார்கள் கட்சிக்காரர்கள். எது என்று சொல்லவில்லை. அவர் வியாபாரிகளிடம் பேசியதை நீ மன்னிக்கிறாய். உங்கள் தெருவில் பேசியதை வியாபாரிகள் மன்னிக்கிறார்கள். இரண்டு பேரும் அவருக்கே ஓட்டுப் போடுவீர்கள். எதிர்த்து நிற்பவரோ கரையைப் பற்றி வாயே திறக்கவில்லை. எனக்குக் கோபம் யார் மேல் என்றே இப்போது புரியவில்லை.

ஓட்டை யாருக்கு வேண்டுமானாலும் போடு. மாடிக்குக் கான்கிரீட் போட ஆள் சொல்லியிருக்கிறாயே, அதை மட்டும் நிறுத்தி வை. ஜெயித்த பிறகு அவர் மூன்றாவதாக என்ன சொல்கிறார் என்று கேட்டுவிடலாம்.

உன் தம்பி,
மைக்செட்டுக்காரன்