வேட்டிக்கு இந்தப் பக்கம் பெங்களூர்

ரெட்டிபாளையம்,
செவ்வாய்க்கிழமை.

பூவிழி அப்பாவுக்கு, பரிமளா எழுதுவது.

நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். உங்கள் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? லீவு முடிந்து குவைத் திரும்பும் உங்கள் ரூம் கலைவாணனிடம் இந்தக் கடிதத்தையும் எலுமிச்சை ஊறுகாயையும் கொடுத்து அனுப்புகிறேன். முதலில் கடிதத்தைப் படித்து முடியுங்கள். ஊறுகாய் கெட்டுப் போகாது.

போனில் சொல்ல வேண்டியதை எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வரி சொன்னால் நீங்கள் நாலு வரி பேசுகிறீர்கள். அதுவும் ஸ்பீக்கரில். ரூமில் இருக்கிற ஆறு பேரும் நம் குடும்பத்துக்கு யோசனை சொல்கிறார்கள். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

விஷயம் இதுதான். மகளுக்கு வேலை கிடைத்தது நிஜம். ஆனால் நீங்கள் வாங்கி அனுப்பிய அந்த அனுபவச் சான்றிதழால் கிடைக்கவில்லை. அதனால்தான் கிடைத்தது என்று ரூமில் நீங்கள் மிட்டாய் கொடுத்ததாகவும், அந்த ஏஜென்ட்டின் நம்பரை இன்னும் இரண்டு பேருக்குக் கொடுத்ததாகவும் கலைவாணன் காதுக்கு வந்திருக்கிறது. மிட்டாய் போனால் போகட்டும். நம்பரைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

பெரம்பலூரில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்து வந்ததில் இருந்து அவள் ஆன்லைனில் கோர்ஸ் கோர்ஸாகப் படித்தது உங்களுக்குத் தெரியும். மொத்தம் பதினோரு சான்றிதழ். ஒவ்வொன்று வரும்போதும் இன்னொன்று படிக்கச் சொன்னீர்கள். நானும் நாலைந்துக்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டினேன். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் சுவரைப் பார்த்துவிட்டு, "வூட்டுல யாருங்க டாக்டரு?" என்று கேட்டுத் தன் முழங்கால் வலியைச் சொல்ல ஆரம்பித்தார்.

ஆனால் எழுதிப் போட்ட இடத்தில் எல்லாம் அனுபவம் எவ்வளவு என்றுதான் கேட்டார்கள். ஒரு விளம்பரத்தை அவளே வாசித்துக் காட்டினாள். புதியவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும், இரண்டு வருட அனுபவம் அவசியம் என்று இருந்தது. "வேலைக்கே போவாதவங்க ரெண்டு வருசம் எங்கடி வேல பாத்திருப்பாங்க?" என்று கேட்டேன். "அதத்தாம்மா நானும் ரெண்டு வருசமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

இப்போது உங்களிடம் மறைத்த ஒன்றைச் சொல்லப் போகிறேன். உட்கார்ந்துகொள்ளுங்கள். அவள் எட்டு மாதமாகக் கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போகிறாள் என்று சொன்னேனே, அது கிளாஸ் இல்லை. ரோட்டு மேல் இருக்கிற செல்லதுரையின் எடை மேடை. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஏறி நிற்குமே, அந்த இடம்தான். லாரி நம்பரைக் கம்ப்யூட்டரில் அடித்து, எடை பார்த்துச் சீட்டுக் கொடுக்கும் வேலை. படித்த பிள்ளை லாரிக்கு எடை போடுகிறதா என்று நீங்கள் கத்துவீர்கள் என்ற பயத்தில் சொல்லவில்லை. என் தப்புதான்.

அந்தச் சமயத்தில்தான் நீங்கள் ஏஜென்ட்டைப் பிடித்து, அவள் பெங்களூரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷமாக வேலை பார்ப்பதாக அந்தச் சான்றிதழை வாங்கி அனுப்பினீர்கள். அவளுக்கு மனசே இல்லை. "அப்பா சொல்றாரும்மா" என்று பயோடேட்டாவில் சேர்த்தாள். எடை மேடையை அதில் எழுதவே இல்லை, வெட்கம். அடுத்த வாரமே சென்னைக் கம்பெனி ஒன்று வீடியோவில் இன்டர்வியூ என்று கூப்பிட்டது.

இன்டர்வியூ அன்றைக்குப் பார்த்து மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் டவரும் கிடையாது. எடை மேடையில்தான் ஜெனரேட்டரும் நெட்டும் இருக்கிறது. அவள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினோம். செல்லதுரை நல்ல மனுஷன். "நீ பேசும்மா, லாரிய நான் பாத்துக்குறேன்" என்றார். ஆனால் பின்னால் லாரி தெரிந்தால் பெங்களூர் என்று யார் நம்புவார்கள்? போன லீவில் நீங்கள் கட்டிய வெள்ளை வேட்டியைக் கொண்டுபோயிருந்தேன். ஒரு முனையை ஆணியில் மாட்டினோம். மறு முனைக்கு ஆணி இல்லை. நான் பிடித்துக்கொண்டு நின்றேன். வேட்டிக்கு அந்தப் பக்கம் ரெட்டிபாளையம், இந்தப் பக்கம் பெங்களூர்.

திரையில் ஒரு மேடமும் கண்ணாடி போட்ட சாரும் வந்தார்கள். பத்து நிமிஷம் நன்றாகத்தான் போனது. இங்கிலீஷில் கேட்டார்கள், சொன்னாள். அப்புறம் பழனிவேல் வந்தார். தாடி வைத்த லாரி டிரைவர், உங்களுக்கே தெரியும். ஜன்னலில் தலையை விட்டு, "என்னா பாப்பா, நான் வண்டிய எறக்கிட்டேன், இன்னும் ரெண்டு டன்னு காட்டுது? காத்த எடை போடுறியா?" என்று சத்தம் போட்டார். செல்லதுரை எடை பார்க்கிற கம்ப்யூட்டரை அணைத்துப் போடலாமா என்று ஜாடையில் கேட்டார். பின்னால் பதினைந்து லாரி ஹாரன். எனக்குக் கை மரத்துப்போய் வேட்டியை விட்டுவிட்டேன்.

திரையில் இருந்தவர்களுக்கு முதலில் நான் தெரிந்தேன். எனக்குப் பின்னால் லாரி. கும்பிட்டு வைத்தேன், வேறென்ன செய்ய.

அந்த மேடம் தமிழில் கேட்டார்: "பின்னாடி யாரும்மா?"

"எங்கம்மா மேடம்."

"இது பெங்களூரா?"

பூவிழியின் காது சிவந்ததைப் பார்த்தேன். "இல்ல மேடம். அரியலூர் பக்கம், ரெட்டிபாளையம். அந்த ரெண்டு வருசம் பொய். இங்க எட்டு மாசமா வேல பாக்குறது நெசம். ஒரு நிமிசம் இருங்க மேடம், பதினஞ்சு வண்டி நிக்குது" என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டாள்.

கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம் என்று செல்லதுரையிடம் சொன்னாள். பழனிவேலிடம், "அண்ணே, கோவப்படாதீங்க, உங்க எடை உங்களுக்குச் சரியா வரும். மேடை ஓரத்துல சந்துல கல்லு சிக்கியிருக்கான்னு கொஞ்சம் பாருங்க" என்றாள். அவர் முனகிக்கொண்டே குனிந்து, முட்டை அளவு சுண்ணாம்புக்கல்லை எடுத்துக் காட்டினார். எடை பூஜ்யத்துக்கு வந்தது. லாரிகள் நகர்ந்தன. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தபோது அந்த இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். இணைப்பை அவர்கள் துண்டிக்கவில்லை.

கம்ப்யூட்டர் கோளாறு இல்லை என்று எப்படித் தெரிந்தது என்று சார் கேட்டார். லாரி இறங்கிய பிறகும் பூஜ்யம் வரவில்லை என்றால் முதலில் மேடையைப் பார்க்க வேண்டும் என்றாள். அது எந்தக் கோர்ஸில் வருகிறது என்றார். "கோர்ஸுல இல்ல சார். மொத மாசம் இது தெரியாம நாப்பது பேருகிட்ட திட்டு வாங்கினேன்." அப்படியானால் பதினோரு சான்றிதழும் எதற்கு என்றார் மேடம். "ரெண்டு உபயோகமா இருந்துச்சு மேடம். பிரிண்டரு, நெட்டு ரெண்டும் இங்க நான்தான் சரிபண்றேன், அது அதுல படிச்சது. மிச்சம் ஒம்போதும் எங்க அப்பாவுக்காக" என்றாள்.

ஒன்பது நாள் கழித்து மெயில் வந்தது. பொய் சொன்னதால் அந்த வேலை கிடையாது என்று கண்டிப்பாகவே எழுதியிருந்தார்கள். கூடவே, போனில் வாடிக்கையாளர் கோளாறுகளைக் கேட்டுச் சரிசெய்கிற பிரிவில் பயிற்சிப் பணியாளராகச் சேர விருப்பமா என்றும் கேட்டிருந்தார்கள். திட்டுகிறவர்களிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்த ஆள் அவர்களுக்குக் கிடைப்பதில்லையாம். ஆனால் எட்டு மாத வேலைக்கு அனுபவச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பார்த்தீர்களா, கடைசியில் அனுபவத்துக்கும் ஒரு சான்றிதழ்!

செல்லதுரை வாழ்க்கையில் சான்றிதழ் கொடுத்தது இல்லை. லெட்டர்பேடும் இல்லை. எடைச் சீட்டிலேயே அடித்து, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டார். "பூவிழி, த/பெ குருநாதன், இங்கு எட்டு மாதம் வேலை பார்த்தார். இவர் இருந்தவரை எவனும் ஒரு கிலோ ஏமாற்ற முடியவில்லை. என்னாலும் முடியவில்லை." அதையே ஸ்கேன் செய்து அனுப்பினாள். ஏற்றுக்கொண்டார்கள்.

உங்கள் மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. உங்கள் போனை அவள் எடுக்காததற்குக் காரணம் தலைவலி இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கலைவாணன் சாப்பிட வந்தபோது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். பத்தொன்பது வருஷமாகக் குழாய்களுக்கு வெல்டிங் வைக்கிறீர்கள், இப்போது இருக்கும் மூன்று ஃபோர்மேன்களுக்கும் தொழில் கற்றுக் கொடுத்தது நீங்கள்தான், ஐ.டி.ஐ. பேப்பர் இல்லாததால் உங்கள் வேலை அட்டையில் மட்டும் இன்னும் ஹெல்ப்பர் என்றே இருக்கிறது என்றார். எங்களிடம் ஃபோர்மேன் என்றல்லவா சொல்லியிருந்தீர்கள்?

பூவிழி சாப்பாட்டில் இருந்து எழுந்து போய்விட்டாள். நான் கொஞ்ச நேரம் ரசத்தைக் கிளறிக்கொண்டே இருந்தேன். நீங்கள் ஏன் பேப்பர் பேப்பர் என்று அடித்துக்கொண்டீர்கள் என்பது அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கியது. நாங்கள் எடை மேடையை மறைத்தோம், நீங்கள் அட்டையை மறைத்தீர்கள். சரிக்குச் சரி. இனி அதைப் பற்றிப் பேச்சு வேண்டாம்.

திங்கட்கிழமை சென்னைக்குக் கிளம்புகிறாள். வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு என்பதால் அன்றைக்குக் கூப்பிடுவாள். ஸ்பீக்கர் போடாதீர்கள். மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம், அழுதுவிடுவாள். என்னென்ன வேலை தெரியும், எத்தனை வருஷம் என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். கூச்சப்படாமல் சொல்லுங்கள், அவள் எழுதிக்கொள்வாள். உங்களுக்கு ஒரு பயோடேட்டா போடுகிறாளாம். இங்கே நம் வீட்டைச் சுற்றி இத்தனை சிமெண்ட் ஆலை இருக்கிறது, அங்கேயும் குழாய் ஓட்டை விழத்தான் செய்யும் என்கிறாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொன்னதை எழுதினேன், அவ்வளவுதான்.

வெயிலில் தலையில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை அவள் கேட்பதற்கெல்லாம் நிஜத்தை மட்டும் சொல்லுங்கள்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
பரிமளா.