அம்மாவைக் கேட்டு வருவார்கள்

டனீடன்
4 மே 1998

ஹூரியா அக்காவுக்கு,

உன் கடிதமும் புகை போட்ட விலாங்கும் ஒரே நாளில் வந்து சேர்ந்தன. விலாங்குக்கு நன்றி. கடிதத்துக்கு நன்றி சொல்ல மனம் வரவில்லை.

அம்மாவின் இதயம் அடுத்த மாதம் தொடங்கும் குளிர்காலத்தைத் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறாய். அவள் போனதும் பாட்டேயாவிலிருந்து அப்பாவின் ஆட்கள் வருவார்கள், கடற்கரையில் அப்பாவின் பக்கத்தில் புதைக்க அவளைக் கேட்பார்கள் என்கிறாய். நம் குலம் கூடும் மராய் முற்றத்தில் எழுந்து நின்று ‘தர மாட்டோம்’ என்று சொல்ல ஆண்பிள்ளை வேண்டுமாம். பெண்கள் அங்கே எழுந்து பேசுவதில்லை, இருப்பது நீ ஒருவன்தான், வா என்கிறாய்.

வர மாட்டேன். அப்பா இறந்தபோது நான் கடல் கடந்து இன்ஸ்புருக்கில் ஒளியை ஆராய்ந்துகொண்டிருந்தேன். விமானம் ஏறப்போகிறேன், ஒரு நாள் பொறுங்கள் என்று போனில் கெஞ்சினேன். டாமிஹானா சித்தப்பா பொறுக்கவில்லை. மூடிய குழியைத்தான் பார்த்தேன். அதோடு விட்டாரா? சாப்பாட்டு மேசையில் நாலு பேர் கேட்க, “வெளிச்சத்தை எண்ணப் போனவனுக்கு அப்பன் முகம் எதுக்கு?” என்றார். ஏழு வருடம் ஆயிற்று. அந்த மனிதரோடு இனி எனக்குப் பேச்சில்லை.

படித்தவனாகவும் ஒன்று சொல்கிறேன். உலகத்தில் தனியாக எதுவும் இல்லை. ஒன்றாகப் பிறந்த இரண்டு ஒளித்துகள்களைப் பிரித்து, மலைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக வைத்தாலும், ஒன்றை அளந்தால் வரும் விடை மற்றதன் விடையோடு பொருந்தி நிற்கிறது. நம் ஆட்களும் வானம், நிலம், ஆறு, நாம் எல்லாம் ஒரே வம்சம் என்றுதான் சொல்கிறார்கள். எல்லாம் எல்லாவற்றோடும் பிணைந்திருக்கும்போது அம்மா மணலில் கிடந்தால் என்ன, ஆற்றங்கரைக் களிமண்ணில் கிடந்தால் என்ன?

அவளுக்கு என் அன்பைச் சொல். உன் முழங்காலைக் கவனித்துக்கொள்.

உன் தம்பி
பாராடெனே

---

பிபிரிகி
13 மே 1998

தம்பி பாராடெனேவுக்கு அக்காவின் அன்பு.

இங்கே மூன்று நாளாக மழை. ஆறு பழுப்பாக ஓடுகிறது. அம்மா இன்று எழுந்து உட்கார்ந்து கொஞ்சம் கஞ்சி குடித்தாள்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். சித்தப்பாவைத் திட்டிய இடத்தில் சிரித்தாள். துகள் வந்த இடத்தில் தூங்கிவிட்டாள். விழித்ததும் மிச்சத்தையும் கேட்டுவிட்டு, “எல்லாம் ஒண்ணுன்னா அவன் சம்பளத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் வாங்கிக்கட்டுமே” என்றாள்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு தத்துவப் பேராசிரியர் எல்லாமே ஒன்று என்று பேசினார், அரங்கம் கைதட்டியது, நீ பாதியில் எழுந்து வெளியே வந்தாய். போன கிறிஸ்துமஸுக்கு இரண்டு பக்கம் அவரைத் திட்டி எழுதியிருந்தாய், நினைவிருக்கிறதா? எல்லாம் ஒன்று என்பவன் எதையும் அளந்து பார்க்காதவன் என்றாய். இப்போது அவருடைய கோட்டை நீ எடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறாய். அந்தக் கோட்டின் கை உனக்கு நீளமாக இருக்கிறதடா.

நம் வம்சம் வானத்தில் தொடங்குகிறது, உண்மைதான். ஆனால் அங்கேயே நின்றுவிடுவதில்லை. யாருக்கு யார் பிறந்தார் என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு இறங்கி, பேசுகிறவன் தன் காலடிக்கு வந்து சேர வேண்டும். நடுவில் ஒரு பெயரை விட்டால் பெரியவர்கள் தடுத்து நிறுத்துவார்கள். எல்லாரும் சொந்தம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவனை நம் முற்றத்தில் யாராவது மதித்துப் பார்த்திருக்கிறாயா?

இறந்தவருக்காகச் சண்டை போடுவது அவருக்குச் செய்யும் மரியாதை. கேட்டதும் கொடுத்துவிட்டால் அவள் யாருக்கும் வேண்டாதவள் என்றாகிவிடும். போன் அடித்தால் எடுக்க மாட்டாய். இதற்காவது பதில் எழுது.

ஹூரியா

---

டனீடன்
24 மே 1998

அக்காவுக்கு,

நீ சொன்னது சரி என்று எழுதக் கை வரவில்லை. ஆனால் என் இயற்பியல் உன் பக்கம்தான் நிற்கிறது. போன கடிதத்தில் அதில் பாதியைத்தான் எழுதினேன்.

இங்கே நிலவறையில் இரண்டு அணுக்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்க முயல்கிறேன். அதற்காக எஃகுப் பாத்திரத்திலிருந்து காற்றையெல்லாம் உறிஞ்சி எடுக்கிறோம். எங்கிருந்தோ ஒரு காற்றுத் துகள் வந்து உரசினாலும் போதும், காரியம் கெட்டது. பிணைப்பு அறுந்துபோவதில்லை, அக்கா. அது பரவிவிடுகிறது. அந்தத் துகளோடு, பாத்திரச் சுவரோடு, அறையோடு, கடைசியில் உலகத்தோடு. அதற்குப் பிறகு அந்த இரண்டுக்கும் இடையில் தேடினால் ஒன்றும் இருக்காது. எல்லாவற்றோடும் பிணைந்த ஒன்று தன் இணையை இழந்துவிடுகிறது. ஒன்றோடு முழுமையாகப் பிணைந்ததற்கோ மூன்றாவதற்குக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை. ஆகவே குறிப்பிட்ட ஒரு பிணைப்பைக் காப்பது என்றால் மற்ற எல்லாவற்றையும் தள்ளி நிறுத்தும் வேலைதான். அந்தத் தத்துவக்காரருக்கு இது தெரியாது. சொன்னபோது சிரித்தார்.

வருகிறேன். சித்தப்பாவை மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதே. அப்பாவை அவசரமாக மூடிய கையில் அம்மாவைக் கொடுக்கப் போவதில்லை.

அம்மாவின் வழியில் ஆறாம் தலைமுறைக்கு மேலே எனக்குத் தடுமாறுகிறது. பெயர்களை எழுதி அனுப்பு. பாத்திரத்தின் முன்னால் நின்று உரக்கச் சொல்லிப் பழகுகிறேன். மாணவர்கள் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போகிறார்கள்.

பாராடெனே

---

பிபிரிகி
30 ஜூன் 1998

என் தம்பிக்கு,

பாட்டேயாவில் அம்மாவின் குழி மூடியதும் சித்தப்பாவின் மேசையில் ஒரு வாய் சாப்பிடாமல் போய்விட்டாய். அந்தச் சாப்பாட்டோடுதான் துக்கம் இறங்கும், அதை யாரும் வெறும் வயிற்றில் சுமந்துகொண்டு போவதில்லை. வழியிலாவது ஏதாவது சாப்பிட்டாயா?

நம் வீட்டில் இன்னும் உன்னைப் பற்றித்தான் பேச்சு. சித்தப்பா பஸ் நிறைய ஆட்களோடு வந்து, தடியை ஊன்றி, “எங்க அண்ணன் ஏழு வருஷமா கடல் காத்துல தனியாக் கெடக்கான், அவனுக்குத் துணை கேட்டு வந்திருக்கேன்” என்றபோது நம் பக்கம் பாதிப்பேர் அழுதுவிட்டார்கள். நீ எழுந்தாய்.

“அவரைத் தனியாப் போட அவசரப்பட்டது நீங்க, சித்தப்பா. எனக்கு ஒரு நாள் தரல. உங்களுக்கு நான் அம்மாவைத் தரணுமா?”

அப்புறம் வானத்திலிருந்து தொடங்கி, ஒரு பெயர்கூட விடாமல், அம்மாவின் பெயர் வரை இறங்கி வந்தாய். அத்தனை பேரும் இந்த ஆற்றங்கரையில் படுத்திருக்கிறார்கள், நடுவில் ஒருத்தியை எடுத்துக்கொண்டு போக விடமாட்டேன் என்றாய். மறுநாளும் விடவில்லை. சித்தப்பாவின் குரல் கட்டிப்போனது. “பேசுடா, இன்னும் பேசு. இந்த வாயை இத்தனை நாள் எங்கடா வெச்சிருந்த?” என்றார். மூன்றாம் நாள் காலையில் நம் பெரியவர்கள் உன்னை உட்காரச் சொல்லிவிட்டு அவளைக் கொடுத்தபோது உன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். அதுவரை நீ தங்கவில்லை. அம்மா அப்பாவின் பக்கத்தில் படுக்கவே விரும்பினாள். மார்ச்சிலேயே எனக்கும் பெரியவர்களுக்கும் சொல்லிவிட்டாள். “போறது போறேன். ஆனா கேட்ட உடனே தூக்கிக் குடுத்துடாதீங்க. எம் புள்ள எந்திரிச்சு, தர மாட்டேன்னு சொல்லணும். அதைக் கேட்டுட்டுப் போறேன்.”

சொல்லியிருந்தால் நீ வந்திருக்க மாட்டாய், வந்தாலும் நடித்திருப்பாய். சித்தப்பாவுக்கும் இது தெரியாது. இரண்டு பேரும் உண்மையாகத்தான் சண்டை போட்டீர்கள்.

கோபம் இருந்தால் எழுது. இல்லாவிட்டாலும் எழுது.

ஹூரியா

---

டனீடன்
11 ஜூலை 1998

அக்கா,

வழியில் புல்ஸ் ஊரில் வண்டியை நிறுத்தி, இறைச்சி அடைத்த ரொட்டி ஒன்று சாப்பிட்டேன். நன்றாக இல்லை.

தோற்பதற்கென்றே என்னை அழைத்திருக்கிறாய். சித்தப்பாமேல் ஒரு கோபம் இருந்தது, இப்போது உன்மேலும் ஒன்று. இரண்டையும் நான் விடப்போவதில்லை. உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. கிழித்துப் போட நினைத்தேன், போடவில்லை. நிலவறைக்குப் போனால் என்னையறியாமல் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்துவிடுகிறேன். அம்மாவுக்கு வந்ததும் நிறுத்த முடியவில்லை. அவளுக்கு அடுத்து நீயும் நானும்.

அடுத்த வருடம் அவள் கல்லறைக் கல்லைத் திரை நீக்கித் திறக்கும் நாளில் பாட்டேயாவுக்கு வருவேன். அவர்கள் முற்றத்தில் எழுந்து நின்று அம்மாவைத் திருப்பிக் கேட்பேன். கொடுக்க மாட்டார்கள், தெரியும். கேட்பேன். கேட்டுவிட்டு அந்த மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவேன். அதற்கு அடுத்த வருடமும் வந்து கேட்பேன்.

சித்தப்பாவுக்கு எழுபத்தாறு வயதாகிறது. இந்தக் குளிரில் வெளியே அலைய வேண்டாம், மார்பை மூடிக்கொள்ளச் சொல். அவர் இல்லாவிட்டால் நான் யாரிடம் போய்க் கேட்பது?

பாராடெனே