மங்கலம் நடந்த மலை

சாலை, திருவனந்தபுரம்
29-12-1975

பிரியமுள்ள மங்கலத்துக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம். டேராடூனில் இந்த வருஷம் குளிர் அதிகம் என்று பத்திரிகையில் பார்த்தேன். கம்பளியை நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டு படு.

ஆராய்ச்சிக்காக இன்னும் இரண்டு வருஷம் இருக்கச் சொல்கிறார்கள், உங்கள் சம்மதம் வேண்டும் என்று எழுதியிருந்தாய். பதில் எழுதுமுன் ஒரு காரியம் செய்தேன். மண்டியில் லீவு சொல்லிவிட்டு, உன்னோடு காலேஜில் வேலை பார்க்கிற தங்கையனோடும் ஓமனாவோடும் மலைக்குப் போய்வந்தேன். ஆமாம், நான்தான். பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றுகிற நான்.

காரணத்தை மறைக்கவில்லை. நீ போன பிறகு தங்கையன் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். இரண்டு தடவையும், நீங்கள் செடி சேகரிக்க நடந்த காட்டைப் பற்றியே பேச்சு. ஏழு வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவளைப் பற்றி அந்த மனிதர் எனக்குச் சொல்லித்தருகிறார்! உன்னோடு அவர் எங்கே நடந்தார், அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று நானே பார்த்துவிட வேண்டும் போல் இருந்தது.

வித்துராவில் ஓமனாவின் அண்ணன் வீட்டில் தங்கி, தினமும் காலையில் புறப்பட்டு இருட்டுமுன் திரும்பினோம். முதல் நாள் பொன்முடிச் சரிவு. சோலைக்காட்டுக்குள் நுழைந்ததுமே அட்டைகள் காலில் ஏறின. நான் குதித்த குதியைப் பார்த்து ஓமனா சிரித்தாள். "மங்கலம்னா வர்த்தமானம் பேசிக்கிட்டே தட்டிவிட்டுப் போகும் சாரே" என்றாள். வீட்டில் கரப்பான்பூச்சிக்கு என்னைக் கூப்பிடுகிறவள் நீ.

மறுநாள் போனக்காடு. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் உச்சிமாகாளி என்ற அம்மாள் எங்களுக்குப் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தாள். "பாட்டுப் பாடுற டீச்சரம்மா வரலியா?" என்று தங்கையனிடம் கேட்டாள். நீ பாடுவாயா, மங்கலம்? தங்கையன் என்னைக் காட்டி, "இவருதான் டீச்சரோட வீட்டுக்காரர்" என்றார். அவள் என்னை மேலும் கீழும் பார்த்து, "அவுகளுக்குக் கலியாணம் ஆயிட்டுதா?" என்றாள். அதற்குமேல் அந்தச் சாயா எனக்கு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் கல்லாற்றைக் கடக்கையில் பாறையில் வழுக்கினேன். தங்கையன் சட்டென்று என் கையைப் பிடித்து நிறுத்தினார். நல்ல பலமான கை. அதைப் பார்த்ததும் என் வாய் முந்திக்கொண்டது. "மங்கலத்தையும் இப்படித்தான் பிடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

ஓமனா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தங்கையன் முகம் கறுத்துப்போயிற்று. பிறகு, "சாரே, டீச்சரோட வந்த அன்னைக்கு இந்த ஆத்துல போனது நானாக்கும். வெள்ளம் இழுத்துட்டு. டீச்சர்தான் இறங்கி, என் முடியைப் பிடிச்சு இழுத்துக் கரையேத்தினாங்க. அவங்க இல்லேன்னா என் பிள்ளைங்களுக்கு அப்பன் இல்ல" என்றார்.

இதை நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொன்னால் அடுத்த தடவை விடமாட்டேன் என்றா? விட்டிருக்கமாட்டேன்தான்.

அங்கேயே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். திரும்பும்போது என் பையையும் அவரே சுமந்துவந்தார். ஆனாலும் பொறாமை போனபாடில்லை. இப்போது அவர் மேல் மட்டுமில்லை. அந்த ஆற்றின் மேல், அந்தக் கொழுந்து பறிக்கிறவள் மேல், எனக்குத் தெரியாத உன்னைத் தெரிந்துவைத்திருக்கிற எல்லார் மேலும்.

இரண்டு வருஷம் இரு. எனக்குச் சம்மதம். அம்மாவை நான் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். சித்திரையில் லீவு போட்டுவிட்டு அங்கே வருகிறேன். அறையில் உட்காரவைத்துச் சோறு போட்டு அனுப்பிவிடாதே. நீ நடக்கிற மலைக்கு என்னையும் கூட்டிப்போ. மூச்சு வாங்கினால் உட்கார்ந்து உட்கார்ந்து வருகிறேன்.

காட்டுக்குள் தனியே போகாதே. உடம்பைப் பார்த்துக்கொள். நெல்லையப்பர் உனக்குத் துணையிருப்பார். தங்கையனுக்குக் கடிதம் எழுதுவதானால் எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு எழுதுவதைவிட நீளமாக மட்டும் வேண்டாம்.

உன்,
அழகியநம்பி