மணலில் நின்றுபோன வண்டி

ஞாயிறு, இரவு.

லாரி இடித்துப் பின்னங்கால்கள் விளங்காமல்போன என் நாய் ஜானியை இன்றுதான் எண்ணூர் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். அவன் பின்னுடம்பைத் தாங்க பிளாஸ்டிக் குழாயில் நான் செய்த சக்கர வண்டி தார் ரோட்டில் ஓடியது; மணலில் புதைந்தது. மெல்லிய சக்கரம் போட்டது என் முட்டாள்தனம்.

வலை உதறிக்கொண்டிருந்த மீனவர் சிரித்தார். "இன்னா மாமு, நாய்க்கு வண்டி கட்டிக்கீற, ஸ்டெப்னி வெக்கலியா?"

எரிச்சலில், அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடலாம் என்று வண்டியின் பட்டையைக் கழற்றினேன். ஜானி முன்னங்கால்களாலேயே உடம்பை இழுத்துக்கொண்டு அலைக்குள் போய்விட்டான். மூழ்கிவிடுவான் என்று பின்னாலேயே ஓடினேன். அவன் நீந்தினான். அந்தக் கால்கள் பின்னால் சும்மா மிதந்து வந்தன. எனக்கு நீச்சல் தெரியாது. முழங்கால் தண்ணீரில் வாயைப் பிளந்து நின்றேன்.

"வுடு நைனா, அது நல்லாத்தான் கீது," என்றார் மீனவர்.

மணலில் இழுத்ததில் ஜானிக்கு வயிற்றில் சிராய்ப்பு. மருந்து போட்டாயிற்று. அகலச் சக்கரம் தேட வேண்டும். வண்டி தண்ணீர் வரைக்கும் போனால் போதும்.