தொண்ணூற்று நான்கு மார்க்

தேவிகுளம்
7.1.2024

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

இங்கே என் இடுப்பைத் தவிர எல்லாரும் நலம். போனில் என்றால் நீங்கள் கத்துவீர்கள், அதனால் கடிதம்.

ஆஸ்பத்திரியில் ஒரு டேப் கொடுத்திருக்கிறார்கள், சிலேட்டு அளவு பெரிய போன் மாதிரி. நாள்பட்ட வலிக்காரர்களுக்கு மறதி வருகிறதாம், கவனம் சிதறுகிறதாம். அதற்குக் கம்ப்யூட்டர் பயிற்சி. கலர் வட்டங்கள் வந்து மறையும். முன்பே வந்தது எது என்று பார்த்துத் தொட வேண்டும். தினம் அரை மணி, ஆறு வாரம். வலி போகும் என்று டாக்டர் சொல்லவில்லை. வலியோடு யோசிக்கப் பழகலாம் என்கிறார்.

அவருடைய ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் எனக்குக் கிரெச்சில் பிள்ளை பார்க்கும் வேலையா, மறுபடி மலைச் சரிவில் தேயிலைக் கொழுந்து கிள்ளுவதா என்று எஸ்டேட் மேனேஜர் முடிவு செய்வார். சரிவில் என்னால் ஒரு மணி நேரம் நிற்க முடியாது. வேலை போனால் எஸ்டேட் லயத்து வீடும் போய்விடும்.

வலியெல்லாம் என் மனசில்தான் என்று சொல்லிவிட்டு நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது. டாக்டரும் மனசைப் பற்றித்தான் பேசுகிறார். ஆனால் என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பேசுகிறார்.

செபமாலையம்மாள்

வாளையார்
25.2.2024

அன்புள்ள செபமாலைக்கு,

ஆண்டவர் கிருபையால் லாரிப் பேட்டையில் வாட்ச்மேன் வேலை நடக்கிறது. தூசியில் இருமல். நீ விசாரிக்கவில்லை, நானே சொல்கிறேன்.

அந்த டேப் பயிற்சியில் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு வாங்கினாயாம், உன் தம்பி அமிர்தநாதன் போனில் சொன்னான். இவ்வளவு மார்க் வந்த பிறகு வலி எங்கே இருக்கும்? நான் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டது. பெரிதுபடுத்த மாட்டேன். ஈஸ்டருக்கு வீட்டுக்கே வந்துவிடுகிறேன்.

சுவக்கீன்

தேவிகுளம்
3.3.2024

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

அந்த மார்க் என்னுடையது இல்லை. முடியாதவளின் சாக்குப் பையில் ஆளுக்கொரு கை கொழுந்து போடுவது இங்கே வழக்கம்தானே. "அக்கா, நீ படு. இன்னைக்கு என் மொறை" என்று பக்கத்து வீட்டு முருகேஸ்வரி டேப்பை வாங்கிக்கொண்டாள். பிறகு லயமே முறை வைத்தது. நல்ல மார்க் வாங்கினால்தான் கிரெச் வேலை கிடைக்கும் என்று நினைத்துவிட்டோம்.

மேனேஜர் ரிப்போர்ட்டைப் படித்தார். கவனம் அபாரம் என்று இருந்தது. இடுப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஏப்ரல் முதல் சரிவுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

13ஆம் தேதி டாக்டரிடம் உண்மையைச் சொல்லப் போகிறேன். நம்பாமல் துரத்தவும் செய்யலாம். பதினோரு வருஷம் கூட இருந்தவர் நீங்கள். வந்து, இவளுக்கு வலி உண்டு என்று ஒரு வார்த்தை சொல்வீர்களா?

செபமாலையம்மாள்

வாளையார்
9.3.2024

அன்புள்ள செபமாலைக்கு,

லீவு இல்லை. இருந்தாலும், உன் வலியை நான் கண்ணால் கண்டேனா, சாட்சி சொல்ல? கிடைத்த மார்க்கைக் கெடுத்துக்கொள்ளாதே. நாலு நாள் சரிவில் நின்றால் பழகிவிடும். ஈஸ்டருக்கு எலும்பில்லாத கறி வாங்கி வை.

சுவக்கீன்

தேவிகுளம்
20.3.2024

திரு. சுவக்கீன் அவர்களுக்கு,

லயத்திலிருந்து நாலு பேர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். "நாலாவது பாடம் நாந்தான் சார் போட்டேன். அன்னைக்கு அக்காவால எந்திரிக்கவே முடியல" என்றாள் முருகேஸ்வரி. மற்றவர்களும் தங்கள் பாடங்களை ஒப்புக்கொண்டார்கள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு என்னை மட்டும் வைத்துச் சோதித்தார். முப்பத்தொன்று. முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்கச் சொன்னார். இடுப்பைப் பற்றியும் இந்த முறை எழுதிக் கொடுத்தார்.

கிரெச் வேலை கிடைத்துவிட்டது. வீட்டுக்கு ஆபீசில் புதுப் படிவம் கொடுத்தார்கள். குடியிருப்பவர்கள் என்ற இடத்தில் ஒரு பெயர்தான் எழுதினேன்.

ஈஸ்டருக்கு வருவதானால் முன்கூட்டியே தெரிவிக்கவும். விருந்தாளிகளுக்கு ஆபீசில் தனி நோட்டு இருக்கிறது. மூன்று நாள் வரை தங்கலாம்.

செபமாலையம்மாள்