கோட்டுக்கு வெளியே நிற்கும் வேலை

ஜூலை 8, 2024, திங்கள்

துரைராஜ் சார் இன்றும் காலைப் பயிற்சிக்கு வரவில்லை. வாட்ஸ்அப்பில் குரல் மட்டும் வந்தது: "ரூஹி, பசங்கள ரவுண்டு ஓட வை. முதுகு புடிச்சிக்கிச்சு." எங்கள் கல்லூரி பாஸ்கெட்பால் அணியின் ஹெட் கோச்சுக்கு வாரத்தில் பாதி நாள் முதுகு பிடித்துக்கொள்கிறது. சம்பளத் தேதியில் மட்டும் கம்பி மாதிரி நிமிர்ந்துவிடுகிறது.

அசிஸ்டென்ட் கோச் என்றால் என்ன வேலை என்று அம்மா அடிக்கடி கேட்பாள். வாழைப்பழம் வாங்குவது. பந்துக்குக் காற்றடிப்பது. கணுக்காலுக்கு டேப் சுற்றுவது. வெளியே மேட்ச் என்றால் ஆறு பெண்களை மூன்று பேர் என்று ஆட்டோக்காரரிடம் சாதிப்பது. தமிழ்நாட்டு அணிக்கு ஆடியவள் என்பதெல்லாம் முட்டி போவதற்கு முந்தைய கதை.

இன்று ஒன்பது பெண்கள்தான் வந்தார்கள். ஐந்துக்கு ஐந்து ஆட ஆள் குறைந்ததால் பத்தாவதாக நானே இறங்கினேன். கேப்டன் சாருலதா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு என் முன்னால் நின்றாள். அந்தக் கைகளுக்கு மேலே போட்டேன், வளையத்தில் படாமல் உள்ளே போனது. முப்பத்திரண்டு வயதுக்கு மோசமில்லை. நாளைக்கும் ஒன்பது பேரே வரட்டும், ஆண்டவனே.

ஜூலை 9, செவ்வாய்

பத்துப் பேர் வந்துவிட்டார்கள். ஒருத்தியைத் தண்ணீர் பிடிக்க அனுப்பிவிட்டு இறங்கினேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

துரைராஜ் சார் போய்விட்டார். பயப்பட ஒன்றுமில்லை, பாலவாக்கத்துக்குத்தான். கடற்கரைப் பக்கம் ஏதோ தனியார் அகாடமியாம், ஏசி போட்ட கோர்ட்டாம். முதுகு குணமாகிவிட்டது போலிருக்கிறது.

மதியம் சீதா மேடம் கூப்பிட்டார். உடற்கல்வித் துறைக்கு அவர்தான் தலைவி. விசிலைக் கழுத்தில் போட்டுக்கொண்டே சாப்பிடுவார்.

"ரூஹி, நீ பாத்துக்கோ. இப்போதைக்கு இன்சார்ஜ்தான். சீசன் முடியறதுக்குள்ள ஒரு கப்பாவது வந்தா உன்னையே ஹெட் கோச்சா போடச் சொல்றேன். வரலேன்னா காலேஜ் செகரெட்டரி வெளியேர்ந்து ஆள் கொண்டாருவார். அவருக்கு ஏற்கெனவே ஒரு மச்சான் ரெடியா இருக்கான்."

ஆக, கப் அல்லது மச்சான்.

வீட்டில் சொன்னேன். அத்தா பைக் சீட்டுக்கு ரெக்ஸின் இழுத்துத் தைத்துக்கொண்டே, "ஹெட் கோச்சுனா காரு குடுப்பாங்களா? குடுத்தா சொல்லு, சீட் கவரு நம்ம கடையிலயே போட்டுக்கலாம்" என்றார். அம்மா, "கல்யாண பயோடேட்டால 'இன்சார்ஜ்'னு போட்டா எவனாவது ஆஸ்பத்திரி நர்ஸுன்னு நெனச்சுக்குவான். சீக்கிரம் ஹெட்டு ஆவு" என்றாள்.

ஆகத்தான் வேண்டும். வேறு என்ன தெரியும் எனக்கு? பிகாம் முடித்தேன், ஒரு பாலன்ஸ் ஷீட்டைக்கூட முகத்துக்கு நேரே பார்த்ததில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

அடையாறிலிருந்து ஒரு கல்லூரி பயிற்சி ஆட்டத்துக்கு வந்தது. முதல் பாதியில் நம் பெண்கள் தூங்கினார்கள். இரண்டாம் பாதியில் நான் இறங்கினேன். ஜெயித்தோம். எதிரணி கோச் கை கொடுக்கும்போது ஒரு மாதிரி பார்த்தார். பொறாமை.

முடிந்ததும் சாருலதா பக்கத்தில் வந்து நின்றாள். மயிலாப்பூர்ப் பெண். வாய் நீளம், ஆனால் மரியாதையாகப் பேசியே குத்துவாள்.

"மிஸ், நீங்க ஆடினா பார்க்க நன்னாத்தான் இருக்கு. டோர்னமென்ட்லயும் உங்கள விடுவாளா?"

வாய்க்கு ஒரு ரவுண்டு, சிரித்ததற்கு ஒரு ரவுண்டு ஓடவிட்டேன். சிரித்தது அவள் இல்லை, பின்னால் நின்ற இன்னொருத்தி, கீர்த்தி. அதனால் என்ன, இருவரும் ஓடினார்கள்.

அக்டோபர் 5, சனி

முதல் டோர்னமென்ட். முதல் மேட்ச். முதல் பேருந்தில் வீடு.

கேவலமாகத் தோற்றோம். தோற்றதுகூடப் பரவாயில்லை. பந்து கைக்கு வந்ததும் ஒவ்வொருத்தியும் திரும்பி என்னைப் பார்க்கிறாள். அனுப்பவா, போடவா, ஓடவா என்று கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதுபோல என் முகத்தைப் பார்க்கிறாள். அதற்குள் எதிரணிக்காரி பந்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறாள். நான் கத்துகிறேன், அவர்கள் இன்னும் அதிகமாகத் திரும்பிப் பார்க்கிறார்கள். இதுங்களுக்கு எவ்ளோ தடவ ஆடிக் காட்டினேன்! கண்ணு எங்க வெச்சுக்கினு இருந்துச்சுங்க?

தொண்டை போய்விட்டது. பேருந்து மாட வீதி முனையில் நின்றது நின்றதுதான். மேட்சுக்கு வந்த ஆறு பேரும் பின் சீட்டில் பஜ்ஜி சாப்பிட்டார்கள். எனக்கு யாரும் நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 16, புதன்

மழை. கோர்ட்டில் கணுக்கால் தண்ணீர். மேற்கு மாம்பலத்திலிருந்து கீர்த்தி, "ட்ரெயின் ஓடல மிஸ்" என்று செய்தி போட்டாள். எழுத்திலேயே சந்தோஷம் தெரிந்தது.

ஜனவரி 25, 2025, சனி

எழுதவே கை வரவில்லை. அந்தக் கைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

இன்னொரு டோர்னமென்ட்டின் அரையிறுதி. எப்படியோ உருண்டு புரண்டு வந்திருந்தோம். கடைசி நிமிஷம், ஒரு புள்ளி முன்னால் நாங்கள். எதிரணிக்காரி ஒருத்தி பந்தைப் பறித்து, எங்கள் பெஞ்ச் ஓரமாக முன்னால் ஓடுகிறவளுக்கு நீளமாக எறிந்தாள். சோம்பேறிப் பாஸ். மெதுவாக, கோட்டை ஒட்டியே வந்தது. அதைப் பார்த்ததும் யார் இருந்தாலும் குறுக்கே பாய்ந்து பிடித்திருப்பார்கள்.

பிடித்தேன்.

பிடித்தது மட்டுமில்லை. உள்ளே நுழைந்து ஒரு தட்டும் தட்டினேன். அப்புறம்தான் கூட்டம் சத்தமே போடவில்லை என்பது உறைத்தது. என் கழுத்தில் விசில் தொங்குகிறது. கையில் பந்து இருக்கிறது. நான் கோச்.

ரெஃப்ரி தனபாலன் அண்ணன் என்னைப் பள்ளிக் காலத்திலிருந்து அறிந்தவர். பக்கத்தில் வந்து மெதுவாக, "இன்னாம்மா ரூஹி பண்ணிக்கினு கீறே?" என்றார். பிறகு கடமையைச் செய்தார். டெக்னிக்கல் ஃபவுல். அவர்களுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, பந்தும் அவர்களுக்கே. த்ரோ உள்ளே போய்ச் சமமானது. அடுத்து ஒரு கூடை. தோற்றோம்.

சாருலதா அழவில்லை. கீர்த்தி அழுதாள். நான் வாழைப்பழத் தோல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு

வீடியோ வந்துவிட்டது. சென்னையில் பந்து தட்டத் தெரிந்த எல்லாருடைய போனிலும் நான் பாய்ந்துகொண்டிருக்கிறேன். துரைராஜ் சார்கூட அனுப்பியிருக்கிறார்: "நல்ல கேட்ச்." கட்டைவிரல் படம் வேறு.

ஏன்டி ரூஹி, கைய நீட்டினே? எவ கேட்டா உன்ன? அதுங்க ஜெயிச்சிருக்கும்டி. ஒரே ஒரு நிமிஷம் சும்மா நின்னிருந்தா ஜெயிச்சிருக்கும்.

அத்தாவும் பார்த்துவிட்டார். மூன்று தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.

"நான் எத்தினி வண்டிக்கு சீட்டு தெச்சிருப்பேன். ஒரு நாளாவது ஏறி ஓட்டிக்கினு போயிருக்கேனா?"

"போயிருக்கே அத்தா. முபாரக் பாய் புல்லட்ட எடுத்துக்கினு பீச்சுக்குப் போனே. அவரு போலீஸ் ஸ்டேஷன் போனாரு."

"அது டெஸ்டு" என்றார். அதற்குமேல் அறிவுரை வரவில்லை.

ஜனவரி 28, செவ்வாய்

காலையில் ஒன்பது பேர். நான் ஷூ லேஸ் கட்டிக்கொண்டு எழுந்தேன். சாருலதா பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு வழியில் நின்றாள்.

"மிஸ், நீங்க வரவேண்டாம்."

"ஒன்பது பேர்தானே இருக்கீங்க?"

"அஞ்சுக்கு நாலா ஆடிக்கறோம். நீங்க உள்ள வந்தா பந்து உங்ககிட்டயே வந்துடறது. நாங்க நின்னுண்டே பழகிட்டோம். மேட்ச்ல நீங்க வெளில இருக்கேள், எங்களுக்கு என்ன பண்றதுன்னே தெரியல."

என்னிடம் இப்படிப் பேச யார் இவள்? நான் ஆடின ஆட்டத்தில் கால்வாசி ஆடிக் காட்டட்டும், அப்புறம் பேசட்டும். பெஞ்சில் போய்த் தொப்பென்று உட்கார்ந்தேன். கோபத்தில் கிடக்கட்டும் என்று பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

பார்த்தால், கீர்த்தி இடது பக்கம் பந்து வந்தால்தான் நிம்மதியாகப் பிடிக்கிறாள். சாருலதா எங்கே பாஸ் போடப்போகிறாளோ அந்தப் பக்கம் முதலில் தாடையை நீட்டுகிறாள், ஊருக்கே தெரிகிறது. இது ஆறு மாதமாக என் கண்ணில் படவில்லை. எப்படிப் படும்? நான்தான் நடுவில் ஓடிக்கொண்டிருந்தேனே.

இரவு யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. சரி என்று எழுதுவதற்கே இவ்வளவு நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 10, திங்கள்

ஒரு வாரமாகச் செருப்புப் போட்டுக்கொண்டு பயிற்சிக்குப் போகிறேன். ஷூ இருந்தால் கால் துரோகம் செய்துவிடும். நடுவில் பந்து உருண்டு வந்தபோது கையிரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டேன். சீதா மேடம் பார்த்துவிட்டு, "குளிருதா?" என்றார்.

ஆட்டத் திட்டங்களை நீங்களே போடுங்கள் என்று பெண்களிடம் சொன்னேன். சந்தையானது. கீர்த்தி போட்ட ஒரு திட்டத்தில் எதிரணிக்கு ஆளே இல்லை. "அவங்க எங்க?" என்று கேட்டேன். "அவங்க வரமாட்டாங்க மிஸ்" என்றாள். ஆனாலும் ஒருத்தரை ஒருத்தர் திட்டித் திருத்தினார்கள். மூன்றாவது நாள் ஒன்று உருப்படியாக வந்தது. எனக்குத் தோன்றாத ஒன்று. வயிறு எரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

தாடை விஷயத்தை மட்டும் சாருலதாவிடம் தனியாகச் சொன்னேன். தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "எப்ப பார்த்தேள்?" என்றாள். "நீ என்னை வெளிய தள்ளினே பாரு, அன்னிக்கு" என்றேன்.

மார்ச் 1, சனி

சீசனின் கடைசி டோர்னமென்ட், கடைசி ஆட்டம். இறுதிப் போட்டி. தி. நகரில் நெரிசல் தாண்டி வந்து சேர்வதற்கே பாதி உயிர் போய்விட்டது. செகரெட்டரி முன்வரிசையில் சீதா மேடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மச்சானும் வந்திருந்தார், புது ட்ராக் சூட்டில், விலைச்சீட்டு மட்டும்தான் குறை.

கடைசியில் ஒரு புள்ளி பின்னால் நாங்கள். டைம் அவுட் கேட்டேன். என் தலைக்குள் திட்டம் தயார். நான் போட்டதிலேயே மிகச் சிறந்தது. போர்டை எடுத்துக் குத்தவைத்து உட்கார்ந்து பேனா மூடியைத் திறந்தேன்.

சாருலதா என் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டாள். "மிஸ், கொஞ்சம் நகருங்கோ."

ஒரு நொடி. கை அரித்தது. வேலை போய்விடும் என்று தெரியும், மச்சான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றும் தெரியும்.

நகர்ந்தேன். ஐந்து தலைகளும் போர்டு மேல் கவிழ்ந்தன. எனக்குத் தெரிந்தது ஐந்து முதுகும் வியர்வையும்தான். என்ன வரைந்தாள் என்று இப்போதுவரை சத்தியமாகத் தெரியாது. கையில் பேனா மூடியோடு நின்றேன்.

ஆட்டம் தொடங்கியது. ஒருத்திகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாருலதா தாடையை வலது பக்கம் நீட்டினாள். எதிரணி மொத்தமும் வலது பக்கம் பாய்ந்தது. பந்து இடது பக்கம் போனது, கீர்த்தியின் நிம்மதியான கைக்கு. போட்டாள். உள்ளே.

நான் கத்தவில்லை. பேனா மூடியைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கப் வாங்கிய பிறகு செகரெட்டரி வந்தார். "கடைசி டைம் அவுட்ல அந்தப் பொண்ணுதானே எல்லாம் எழுதுச்சு? நீங்க என்ன பண்ணீங்க?"

"நகர்ந்தேன் சார்."

மச்சான் சிரித்தார். செகரெட்டரி சீதா மேடத்தைப் பார்த்தார். மேடம் விசிலைத் துடைத்துக்கொண்டே, "அதுக்குத்தான் சார் ஆளே கிடைக்கமாட்டேங்குது" என்றார்.

மார்ச் 6, வியாழன்

நோன்பு நேரத்தில் காலேஜ் போய் ஆர்டர் வாங்கி வந்தேன். ஜூன் முதல் ஹெட் கோச். அத்தா இரண்டு தடவை படித்துவிட்டு, "காரு பத்தி ஒண்ணுமே போடலியே" என்றார்.

நோன்பு திறந்து கஞ்சி குடிக்கும்போது அம்மா கேட்டாள், "இனிமே அங்க நீ ஆட வேணாமா?"

"வேணாம்மா. ஆடக் கூடாது. வெளிய நிக்கணும்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "எட்டாங்கிளாஸ்லேர்ந்து ஆடாதடி ஆடாதடின்னு நான் கத்தினேன், ஒரு நாளு கேட்டியா? இப்ப காலேஜுக்காரன் மாசா மாசம் பணம் குடுத்து சொன்னான், கேட்டுட்டே."

அத்தாவுக்குப் புரையேறியது. நானும் சிரித்தேன், வயிறு வலிக்கும்வரை. பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன்.