ஆடியில் கழற்றாத பேட்டரி

ஹரிதாஸ், குன்னூர் சந்தைக்குப் போகிறேன். அவரைக் குழம்பு மூடி வைத்திருக்கிறது, சுடவைத்துக்கொள்.

நேற்று அப்பாவின் மல்டிமீட்டரைப் பார்த்து நீ, "செத்த மீட்டருங்கம்மா, தூக்கிப் போடுங்க" என்றதும் கோபத்தில் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். காலையில் அதன் பின்மூடியைத் திறந்தேன். பேட்டரி கசிந்து பித்தளைத் தகட்டில் பச்சை பூத்திருந்தது.

ஆடி மழைக்கு முன்னால் உன் அப்பா பேட்டரியைக் கழற்றித் துணியில் சுற்றி வைப்பார். "பேட்டரிக்கும் சளி புடிக்குமாங்க?" என்பேன். "இந்த மலையில யாருக்குத்தான் புடிக்காது, புள்ள?" என்பார். அவர் இல்லாத முதல் ஆடி இது. கழற்ற நமக்குத் தோன்றவில்லை.

எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, ரேடியோ பேட்டரியைப் போட்டு, மீட்டரின் இரண்டு கம்பி முனைகளையும் ஒன்றோடொன்று சேர்த்தேன். முள் எழுந்து வலக்கோடியில் இருக்கும் பூஜ்யத்துக்கு ஓடியது; மீட்டர் சாகவில்லை.

அம்மா

மூக்கம்மா அக்கா பழுதான இஸ்திரிப்பெட்டியோடு வருவாள், இந்த மீட்டரிலேயே சோதித்துப் பார். முடிந்ததும் பேட்டரியைக் கழற்றி வை. துணி அப்பாவின் கருவிப்பெட்டியிலேயே இருக்கிறது.